அசைன்மென்ட்டும் பரீட்சைப் படிப்பும்: முதல் செமஸ்டரிலேயே ஒன்றை ஒன்று விழுங்குகிறது, எப்படிச் சமாளிப்பது?

முதலாண்டு_மாணவி

இது முதல் செமஸ்டர். ஐந்து பாடம்: இரண்டு கணக்குப் பாடம், இரண்டு தியரி, ஒரு லேப் பாடம். ஒவ்வொன்றிலும் தொடர் மதிப்பீட்டுக்கு 40 மார்க், கடைசிப் பரீட்சைக்கு 60. அந்த 40-ல் 10 மார்க்குக்கு ஒரு அசைன்மென்ட், 15 மார்க்குக்கு இன்னொன்று, நடுவில் 15 மார்க் டெஸ்ட். வாரத்தில் பாடத்துக்கு 4 மணி நேரம் வகுப்பு, 14 வாரம். அதன் பிறகு ஸ்டடி லீவும் பரீட்சையும் சேர்த்து 3 வாரம்.

ஐந்து பாடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் எந்த வாரத்திலும் ஏதாவது ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. டைம்டேபிளில் ரிவிஷன் என்று எழுதி வைக்கிற நேரமெல்லாம் அசைன்மென்ட்டுக்கே போய்விடுகிறது.

பேசாமல் 14 வாரமும் அசைன்மென்ட்டை மட்டும் நன்றாகச் செய்துவிட்டு, ரிவிஷனை மொத்தமாகக் கடைசி மூன்று வாரத்தில் வைத்துக்கொள்ளலாமா? இல்லை இப்போதிருந்தே இரண்டையும் சேர்த்து ஓட்டத்தான் வேண்டுமா? ஓட்டினால் எதற்கு எவ்வளவு நேரம்?


கணக்குப்புலி

கடைசி மூன்று வாரத்தில் முடியாது. சோம்பல், மனவுறுதி என்று அதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம், கணக்கே உதைக்கிறது.

பாட விவரத்தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று போட்டிருப்பார்களே, அது உண்மையில் மணிக்கணக்கு. ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் சேர்த்து. பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பாடத்துக்கு 150 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

வகுப்புக்கு 56 மணி போனால் மீதி 94. அதை மார்க் விகிதத்தில் பிரியுங்கள். 10 மார்க் அசைன்மென்ட்டுக்கு 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 15 மார்க்குக்கு 14. டெஸ்ட்டும் பரீட்சையும் சேர்ந்து 75 மார்க், அதற்குச் சுமார் 70 மணி நேரம். ஐந்து பாடத்துக்கு 350. இதை 21 நாளில் அடைக்கப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் பரீட்சையும் எழுத வேண்டும்.

அதே வேலையை முதல் வாரத்திலிருந்து பாடத்துக்கு வாரம் 3 மணி நேரம் என்று செய்தால், 14 வாரத்தில் 42 மணி முடிந்திருக்கும். பாடத்துக்கு 28 மணிதான் பாக்கி, ஐந்துக்கும் 140, நாளுக்கு 6 மணி 40 நிமிடம். இது மனிதர் செய்யக்கூடியது.

வாரக் கணக்கும் இடிக்காது: வகுப்பு 20, ரிவிஷன் 15, அசைன்மென்ட் சராசரியாக எட்டரை. மொத்தம் 44-க்குள்.

பிறகு ஏன் நடப்பதில்லை? அசைன்மென்ட்டுக்குத் தேதி இருக்கிறது, ரிவிஷனுக்கு இல்லை. தேதி இல்லாத வேலை எப்போதும் தோற்கும். ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். டைம்டேபிளில் முதலில் ரிவிஷன்: பாடத்துக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடம், இரண்டுக்கும் நடுவே மூன்று நாளாவது இடைவெளி. மிச்சமிருக்கும் நேரம்தான் அசைன்மென்ட்டுக்கு. அதற்கும் ஒரு உச்சவரம்பு வேண்டும். 10 மார்க் வேலைக்கு 10 மணி ஆகிவிட்டதா, இருப்பதைச் சரிபார்த்துச் சமர்ப்பித்துவிடுங்கள். அதற்கு மேல் இன்னொரு ஆறு மணி நேரம் மெருகேற்றினால் 7 என்பது எட்டாகலாம், ஒரு மார்க். அதே ஆறு மணி நேரத்தில் பரீட்சைக்கு வரும் ஒரு முழு அத்தியாயத்தைப் பார்க்காமல் எழுதும் அளவுக்குக் கொண்டுவரலாம்.

இன்னொன்று, 'எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்' என்ற நம் ஊகத்தை நம்பக்கூடாது. 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது 55.5 நாள். கிட்டத்தட்ட 1.6 மடங்கு. எனவே ஐந்து மணி என்று தோன்றினால் எட்டு மணிக்கு இடம் விடுங்கள்.

அசைன்மென்ட் கையில் கிடைத்த அன்றே 20 நிமிடம் கேள்வியையும் மதிப்பெண் அளவுகோலையும் படித்து, என்னென்ன வேண்டும், எது புரியவில்லை என்று மட்டும் எழுதிவையுங்கள். வேலையை அன்றே தொடங்கச் சொல்லவில்லை. நூலகத்தில் புத்தகம் வெளியே போயிருக்கிறது, சாஃப்ட்வேர் நிறுவ மறுக்கிறது, டேட்டா ஃபைல் திறக்கவில்லை போன்றவை கடைசி இரவில் தெரிந்தால் ஆசிரியரிடம் கேட்கக்கூட நேரமிருக்காது.


விதிமுறைப்பித்தன்

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி பாட விவரத்தாளை ஒரு தடவை வரி வரியா படிங்க. நாலு விஷயம் பார்க்கணும்.

பரீட்சையில தனியா குறைந்தபட்ச மார்க் எடுக்கணுமா? பல இடங்கள்ல மொத்தம் 50 வந்தாலும் பரீட்சைத் தாள்ல மட்டும் 40 சதவீதத்துக்குக் கீழே போனா ஃபெயில். அப்படி இருந்தா அசைன்மென்ட்ல 40-க்கு 38 எடுத்தாலும் அது காப்பாத்தாது.

சின்ன க்விஸ் நிறைய இருந்தா எல்லாமே சேருமா, இல்ல நல்லா செஞ்ச நாலு மட்டும் எடுப்பாங்களா? நாலுதான்னா ஒண்ணை மனசாரக் கைவிடலாம். நெருக்கடியான வாரத்துல வர்றதுக்கு அந்தச் சலுகையை வச்சுக்கங்க, முதல் க்விஸ்லயே செலவழிச்சிடாதீங்க.

தாமதமா கொடுத்தா எவ்வளவு வெட்டு? ஒரு நாளைக்கு 5 சதவீதம்னா 10 மார்க் வேலையில போறது அரை மார்க். அதே நாள் 15 மார்க் டெஸ்ட் இருந்தா, தெரிஞ்சே ஒரு நாள் தள்ளிக் கொடுக்கறது நியாயமான முடிவு. ஆனா சில பாடத்துல நேரம் தாண்டினா நேரா பூஜ்யம். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சா மாட்டிக்குவீங்க. உடம்பு முடியலன்னா நீட்டிப்பைக் கெடு முடியறதுக்கு முன்னாடியே கேளுங்க. முடிஞ்ச பிறகு கேட்டா மெடிக்கல் சர்டிஃபிகேட் இருந்தாலும் இழுபறிதான்.

கடைசியா ஃபைல் சங்கதி. என்ன ஃபார்மட், எத்தனை எம்பி வரைக்கும், எந்த நேர மண்டலத்துல இரவு 11:59. ஒரு நாள் முன்னாடி ஏத்திட்டு, திரும்ப டவுன்லோட் பண்ணித் திறந்து பாருங்க. வெறும் ஃபைலையோ பழைய டிராஃப்டையோ ஏத்தி வச்சிருக்கறது நீங்க நினைக்கறதைவிட அதிகம் நடக்குது.


மறதிக்கு_மருந்து

அந்த 90 நிமிடத்தில் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நோட்ஸைப் புரட்டுவதிலேயே கரைந்துவிடும்.

ரிவிஷன் என்றால் திரும்ப வாசிப்பது என்று பள்ளியிலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த 'தெரிந்த மாதிரி'யை நம்பித்தான் பலர் பரீட்சை அறையில் விழிக்கிறார்கள். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றிலும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே மேல்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

தியரிப் பாடத்துக்கு: வகுப்பு நடந்த அன்றோ மறுநாளோ நோட்ஸை மூடிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் 15 நிமிடம் நினைவில் இருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த நிறம் அதிகமாக இருக்கும் இடம்தான் உங்கள் ஓட்டை. பிறகு அந்த வகுப்பிலிருந்து ஐந்தாறு கேள்விகளைத் தனித்தாளில் எழுதுங்கள். பதிலைப் பக்கத்திலேயே எழுதக்கூடாது, கண் தானாகப் போய்விடும். 'வரையறு' என்று மட்டும் கேட்காமல் 'ஏன் இப்படி', 'இது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது', 'இந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்று கேளுங்கள். இரண்டாவது 90 நிமிடத்தில் இந்த வாரக் கேள்விகளோடு மூன்று வாரத்துக்கு முந்தைய தாளிலிருந்தும் மூன்று கேள்வி. தவறியதற்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளி வாங்கிய கேள்வி அடுத்த முறை முதலில் வர வேண்டும்.

கணக்குக்கு வேறு வழி. செய்து காட்டிய கணக்கைப் படிப்பது ரிவிஷன் ஆகாது. விடையைத் தாளால் மூடி நீங்களே தொடங்குங்கள். 10 நிமிடம் முட்டியும் நகரவில்லை என்றால் ஒரே ஒரு வரியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். அப்படி உதவி பெற்றுச் செய்த கணக்கை இரண்டு நாள் கழித்து முழுவதும் தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது உங்களுக்குத் தெரிந்த கணக்கு இல்லை. அத்தியாயங்களையும் கலந்து போடுங்கள். ஒரே அத்தியாயத்தில் 20 கணக்கு போட்டால் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சையில் தலைப்பு இருக்காது.

ஒரு பிழை நோட்டு வையுங்கள், ஒரு பிழைக்கு ஒரு வரி. 'குறி மாறியது', 'அலகை மாற்றவில்லை' ஒரு வகை. 'எந்த முறை என்றே தெரியவில்லை' வேறு வகை. முதலாவதற்கு நிதானமும் சரிபார்ப்பும் போதும். இரண்டாவதற்குப் பாடத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஆன்கி போன்ற ஃப்ளாஷ்கார்டு செயலிகளை வரையறை, சூத்திரம், கலைச்சொல் இவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உற்சாகத்தில் நாளுக்கு 20 புதிய கார்டு சேர்த்தால் சில வாரத்தில் தினமும் 150, 200 கார்டு திரும்பிப் பார்க்க வேண்டிவரும். ஒரு அசைன்மென்ட் வாரம் வந்ததும் மொத்தமும் கைவிடப்படும். ஐந்து முதல் எட்டு போதும்.

நோட்ஸை அழகாகத் திரும்ப எழுதுவது, நான்கு நிற ஹைலைட்டர், இவை இரண்டையும் இன்றே நிறுத்திவிடலாம். படித்த திருப்தி தருவதைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.


முதலாண்டு_மாணவி

மிக்க நன்றி. 17 மணி நேரக் கணக்கைப் பார்த்ததும் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் மூன்று சந்தேகம்.

ஒன்று, லேப் ரிப்போர்ட். இது மட்டுமே சனி, ஞாயிறு இரண்டையும் தின்றுவிடுகிறது. இரண்டு, ஒரு கணக்குப் பாடத்தில் மூன்று வாரப் பாடம் தேங்கிக் கிடக்கிறது. முதல் வாரத்திலிருந்து வரிசையாகப் படித்து வரவா? மூன்று, 6, 7-ஆம் வாரத்தில் மூன்று அசைன்மென்ட்டும் இரண்டு டெஸ்ட்டும் ஒன்றாக வருகின்றன. அந்த வாரம் ரிவிஷனை நிறுத்தலாமா?


வெள்ளைக்கோட்டு

லேப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிப்போர்ட்டின் பாதியைப் பரிசோதனைக்கு முன்பே எழுதிவிடலாம். நோக்கம், கோட்பாடு, செய்முறை, தலைப்பும் அலகும் போட்ட வெற்று அட்டவணை, இத்தனையும் கையேட்டை வைத்து ஒரு மணி நேர வேலை. இதைச் செய்துகொண்டு போகிறவருக்கு லேப்பில் என்ன நடக்கிறது என்பதும் புரியும்.

அளவுகளை எடுத்த அன்றே வரைபடத்தைப் போட்டுவிடுங்கள், முடிந்தால் லேப்பை விட்டு வெளியேறும் முன்பே தோராயமாக. ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு எங்கோ நிற்கிறது என்றால் அங்கேயே மறுபடி அளந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தால் அதற்கு விளக்கம் ஜோடிக்கத்தான் முடியும், அதில்தான் மணிக்கணக்கில் போகிறது. விவாதப் பகுதியை மறுநாளைக்குள் எழுதுங்கள், விவரங்கள் மனதில் இருக்கும்போதே.

தலைப்புப் பக்கம், பக்க எண், அட்டவணை வடிவம், சமன்பாட்டு எண் இவற்றுக்கு ஒரே ஒரு டெம்ப்ளேட்டை முதல் ரிப்போர்ட்டில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மார்க் பெரும்பாலும் போவது அலகு விட்டது, தேவைக்கு மேல் தசம இடம் போட்டது, பிழை மதிப்பீடு இல்லாதது. அச்சடித்த சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மொத்தம் நாலைந்து மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இது.

'இந்தப் பிழை எங்கிருந்து வந்தது, எப்படிக் குறைப்பாய்' என்பது வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் எழுத்துப் பரீட்சையிலும் தவறாமல் வரும் ரகம். விவாதப் பகுதியைப் பழைய ரிப்போர்ட்டிலிருந்து காப்பியடித்தால் இரண்டு இடத்திலும் அடி.


கணக்குப்புலி

தேங்கிய மூன்று வாரத்துக்கு முதல் வாரத்திலிருந்து வரிசையாக வராதீர்கள். நீங்கள் ஒன்றாம் வாரத்தைப் படித்து முடிப்பதற்குள் வகுப்பு இன்னொரு வாரம் ஓடியிருக்கும், இடைவெளி குறையவே குறையாது. இந்த வார வகுப்புக்குத்தான் முதலிடம், பாதி புரிந்தாலும் சரி. அதன்பின் விட்டுப்போன வாரத்தின் டுடோரியல் தாளை எடுத்து நேராகக் கணக்கில் இறங்குங்கள். எங்கே நிற்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் நோட்ஸைத் திறங்கள். விட்டுப்போன ஒரு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகத் தீருங்கள். அந்த இரண்டு மணியை உங்களுக்கு மிக எளிதாக இருக்கும் பாடத்திலிருந்து கடன் வாங்குங்கள்; அசைன்மென்ட் நேரத்திலிருந்து எடுத்தால் அது தூக்கத்தில் போய்க் கை வைக்கும். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது 'ஒன்றும் புரியவில்லை' என்று நிற்காமல், எந்த வரி வரை போட்டீர்கள் என்று காட்ட இரண்டு கணக்கோடு போங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

6, 7-ஆம் வாரம்: நிறுத்தாதீர்கள், சுருக்குங்கள். டெஸ்ட் உள்ள இரண்டு பாடத்துக்கு ரிவிஷன் தானாகவே நடந்துவிடும். மற்ற மூன்றுக்கும் 90 நிமிடத்தை 20 ஆக்கி, புள்ளி வாங்கிய கேள்விகளை மட்டும் பாருங்கள். அடியோடு விட்டால் 8-ஆம் வாரம் திரும்பத் தொடங்குவதற்கே ஒரு வாரம் பிடிக்கும். மூன்று அசைன்மென்ட்டில் ஆசிரியர் உதவி தேவைப்படாத ஒன்றை 4-ஆம் வாரத்திலேயே முடித்துத் தள்ளிவிடுங்கள். 12, 13-ஆம் வாரத்திலும் இதே நெரிசல் வரும், இப்போதே காலண்டரில் பாருங்கள்.

அசைன்மென்ட்டும் ரிவிஷனும் எதிரிகள் என்று எல்லாரும் பேசுகிறோம். சமர்ப்பித்த அன்றே 20 நிமிடம் செலவழித்து அதிலிருந்து இரண்டு பரீட்சைக் கேள்வி எழுதி உங்கள் கேள்வித்தாளில் சேர்த்தால் அந்த 10 மணி நேரத்தில் பெரும்பகுதி ரிவிஷன் கணக்கிலும் ஏறும். திருத்தி வந்ததும் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், ஆசிரியர் குறிப்பைப் பிழை நோட்டுக்கு மாற்றுங்கள். ஏஐ-யிடம் எழுதி வாங்குவதில் உள்ள நஷ்டமும் இதுதான். விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, அந்தத் தலைப்பைப் பரீட்சைக்காக முதலிலிருந்து படிக்க வேண்டிவரும்.

கடைசி மூன்று வாரத்துக்கு: பழைய வினாத்தாள் ஒன்றை 12-ஆம் வாரத்திலேயே நேரம் பார்க்காமல், நோட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்; தாளின் போக்கு பிடிபடும். சிலபஸ் மாறியிருந்தால் பழைய தாளில் இல்லாத பகுதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாமே கடிகாரம் வைத்து. 3 மணி நேரம், 100 மார்க் என்றால் படிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் போக 165 நிமிடம்; ஒரு மார்க்குக்கு 1.65. பத்து மார்க் கேள்வியில் 16 நிமிடம் தாண்டினால் இடம் விட்டு நகர்ந்துவிட வேண்டும். மிக அண்மைய தாளைத் தொடாமல் கடைசி வாரத்துக்கு வைத்திருங்கள்.

அடுத்தடுத்த நாளில் இரண்டு பரீட்சை வந்தால் இரண்டாவது பாடம் முதல் பரீட்சைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் மாலை பிழை நோட்டைப் புரட்டவும் தூங்கவும் மட்டுமே போதும்.


முதலாண்டு_மாணவி

செய்து பார்க்கிறேன். இதையெல்லாம் ஃபோன் காலண்டரில் போட்டால் போதுமா?


விதிமுறைப்பித்தன்

ஃபோன்ல ஒரு வாரம்தான் கண்ணுக்குத் தெரியும். 17 வாரமும் ஒரே பார்வையில தெரியற மாதிரி ஒரு பெரிய ஏ3 தாள்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டுங்க: குறுக்கே வாரம், நெடுக்கே அஞ்சு பாடம், கட்டத்துக்குள்ள மார்க். நெரிசல் எந்த வாரம்னு அப்பத்தான் தெரியும். ஃபோன்ல அலாரம் மட்டும் போதும். அதையும் சமர்ப்பிக்கற நாளுக்கு வைக்காதீங்க, ஆரம்பிக்க வேண்டிய நாளுக்கு வைங்க: 10 மார்க் வேலைக்கு 12 நாள் முன்னாடி, 15 மார்க்குக்கு 18.